பிளாக் ஹோலைச் சுத்தி இருக்கற டிஸ்க் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறாங்க? அடிக்கடி வர்ற கேள்விகள்

பிளாக் ஹோல் படம் எப்ப நியூஸ்ல வந்தாலும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி முடியல, அதனால ஒரே இடத்துல போட்டு வச்சிருக்கேன். கேள்விகளை கேட்டவங்க கேட்ட மாதிரியே விட்டுட்டேன். மேல இருந்து படிச்சா நல்லது, ஏன்னா கீழ வர்றதுல பாதி மேல சொன்னதை நம்பித்தான் இருக்கு.

முதல்ல ஒண்ணு சொல்லுங்க, விண்வெளில மேல கீழ எதுவும் இல்லையே, அப்ப "சாஞ்சிருக்கு"ன்னா எதை வச்சு?

நம்மள வச்சுத்தான். டிஸ்க்குன்னா பிளாக் ஹோலுக்குள்ள விழற வாயு அதைச் சுத்தி தட்டு மாதிரி சுத்தறது. அதுக்கு நட்ட நடுவுல செங்குத்தா ஒரு கோடு போட்டா அது அதோட அச்சு. அந்த அச்சுக்கும் நம்ம பார்வைக்கோட்டுக்கும் நடுவுல இருக்கற கோணம்தான் சாய்வு. 0 டிகிரின்னா டிஸ்க்கை நேர் மேல இருந்து முழு வட்டமா பாக்குறோம், 90ன்னா விளிம்பை மட்டும் பக்கவாட்டுல பாக்குறோம்.

ஆனா இந்த ஒரு நம்பர் பத்தாது, இங்கதான் நிறைய பேர் வழுக்குறாங்க. அச்சு வானத்துல வடக்குப் பக்கம் சாஞ்சிருக்கா கிழக்குப் பக்கமாங்கறது ரெண்டாவது கோணம், அதை பொசிஷன் ஆங்கிள்னு சொல்வாங்க. அப்புறம் கடிகார திசைல சுத்துதா எதிர்த்திசைலயான்னு மூணாவதா ஒண்ணு. பெரும்பாலான முறைகள் இதுல ஏதாவது ஒண்ணைத்தான் தரும், மூணும் சேந்து கிடைச்சா அது அதிர்ஷ்டம்.

இதைவிட முக்கியமா ஒண்ணு, "யாரோட சாய்வு?"ன்னு கேக்கணும். பைனரி (ஒரு நட்சத்திரமும் பிளாக் ஹோலும் ஒண்ணை ஒண்ணு சுத்தற ஜோடி) ஆர்பிட்டோட சாய்வு, வெளி டிஸ்க்கோட சாய்வு, உள் டிஸ்க்கோட சாய்வு, பிளாக் ஹோல் தன்னைத்தானே சுத்தற ஸ்பின்னோட அச்சு, அங்க இருந்து பீச்சிட்டு வெளிய பாயற ஜெட் போற திசை, இது அஞ்சும் ஒண்ணா இருக்கணும்னு எந்த சட்டமும் இல்ல. இந்தப் பக்கத்துல இருக்கற பாதி குழப்பம் இந்த அஞ்சையும் ஒண்ணா நினைக்கிறதால வர்றதுதான்.

டெலஸ்கோப்ல நேரா பாத்துட்டா முடிஞ்சு போச்சே, எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கணும்?

நேரா பாக்க முடிஞ்சது இதுவரைக்கும் ரெண்டே ரெண்டுதான். உலகத்துல பல இடத்து ரேடியோ டெலஸ்கோப்புகளை ஒண்ணா சேத்த ஈவன்ட் ஹொரைசன் டெலஸ்கோப் 2017ல எடுத்து 2019 ஏப்ரல்ல வெளியிட்ட எம்87 கேலக்ஸி மையத்து பிளாக் ஹோல், அப்புறம் 2022 மே மாசம் வந்த நம்ம பால்வெளி மையத்து சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார். எம்87ல இருக்கறது 650 கோடி சூரியன் எடை, 5.5 கோடி ஒளியாண்டு தூரம், அப்படியும் வானத்துல அந்த வளையம் 42 மைக்ரோ ஆர்க்செகண்ட்தான் வருது. ஒரு டிகிரியை 3600ஆ பிரிச்சா ஒரு ஆர்க்செகண்ட், அதை இன்னும் பத்து லட்சமா பிரிச்சு அதுல 42 பங்கு.

சிக்னஸ் எக்ஸ்-1 மாதிரி நட்சத்திர எடை பிளாக் ஹோலை எடுத்தா, எடை 21 சூரியன், தூரம் 7,200 ஒளியாண்டு, பக்கத்துலதானே இருக்குன்னு தோணும். கணக்கு போட்டா எம்87 வளையத்தை விட சுமார் 40 ஆயிரம் மடங்கு சின்னதா வருது, எந்த டெலஸ்கோப்லயும் வெறும் புள்ளிதான். அதனால அந்தப் புள்ளில இருந்து வர்ற ஒளியோட நிறமாலை, துடிப்பு, போலரைசேஷன் (ஒளி எந்த திசைல அதிருதுங்கறது), பக்கத்துல தெரியற ஜெட், இதை வச்சு துப்பறியற வேலைதான் மிச்சம்.

எம்87 போட்டோல வளையத்தோட கீழ்ப்பாதி மட்டும் பளிச்சுன்னு இருக்கே, அங்க சூடு ஜாஸ்தியா?

இல்லங்க, சூடு காரணம் இல்ல. வாயு ஒளி வேகத்துல கணிசமான பங்கு வேகத்துல சுத்துது, நம்மள நோக்கி வர்ற பக்கத்து ஒளி குவிஞ்சு பிரைட்டா தெரியும், விலகிப் போற பக்கம் மங்கிடும். இதுக்கு டாப்ளர் பீமிங்னு பேர். சரியா 0 டிகிரில பாத்தா எந்தப் பக்கமும் நம்மள நோக்கி வராது, சுத்தி ஒரே மாதிரி வெளிச்சமா இருக்கும், அதனால இந்த ஏற்றத்தாழ்வே சாய்வு இருக்குங்கறதுக்கு ஒரு அத்தாட்சி. தெற்குப் பக்கம் பளிச்சுன்னு இருக்கறதையும் ஜெட் போற திசையையும் சேத்து வச்சுதான் அங்க சுழற்சி நம்ம பார்வைக்கு கடிகார திசைலன்னு சொன்னாங்க.

வளையம் கிட்டத்தட்ட முழு வட்டமா இருக்கு, அதைப் பாத்து "அப்ப டிஸ்க்கை நேர் மேல இருந்து பாக்குறோம்"னு முடிவு பண்ணிடாதீங்க. அந்த வட்டம் ஒளி வளைஞ்சு வர்றதால உண்டாகறது, பக்கவாட்டுல பாத்தாலும் நடுவுல இருக்கற இருட்டோட, அதாவது நிழலோட ஓரம் ஏறக்குறைய வட்டமாதான் தெரியும். டிஸ்க்குக்குப் பின்னாடி இருக்கற பகுதியோட ஒளிகூட மேல வளைஞ்சு நம்ம கிட்ட வந்துடும், 1979லயே ஜான்-பியேர் லுமினே இதை கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டு படமா வரைஞ்சு காட்டிட்டாரு.

எம்87ல சாய்வு 17 டிகிரின்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு, அந்த நம்பர் படத்துல இருந்து வந்ததா?

ஜெட்ல இருந்து வந்தது. ஜெட்ல போற கட்டி கட்டியான பகுதிகள் வானத்துல எவ்வளவு வேகமா நகருதுன்னு வருஷக்கணக்குல ரேடியோ டெலஸ்கோப் வச்சு அளக்கறாங்க, நம்மள நோக்கி வர்ற ஜெட் எவ்வளவு பிரைட், எதிர்ப்பக்கம் போறது எவ்வளவு மங்கல்ன்னும் பாக்கறாங்க. ரெண்டுலயும் மறைஞ்சிருக்கறது உண்மையான வேகமும் கோணமும் மட்டும்தான், ரெண்டு அளவு, ரெண்டு தெரியாதது, அதனால தீத்துடலாம். நம்மள நோக்கி சின்ன கோணத்துல வர்ற ஜெட் ஒளியை விட வேகமா போற மாதிரி தெரியறதும் இதே கணக்குலதான் வருது, நிஜமா ஒளியை யாரும் முந்தல.

அதனால 17ங்கறது ஜெட்டோட கோணம். டிஸ்க்கும் அதேதான்னு சொன்னா அது ஒரு அனுமானம், நியாயமான அனுமானம்தான், ஆனா அனுமானம். முதல் கேள்வில சொன்ன "யாரோட சாய்வு?" ஞாபகம் இருக்கட்டும்.

நாம பால்வெளியோட தளத்துக்குள்ளயே இருக்கோம், அப்ப மையத்துல இருக்கற டிஸ்க்கை பக்கவாட்டுலதானே பாக்கணும்? ஏன் வட்டமா நேர் மேல இருந்து பாக்கற மாதிரி சொல்றாங்க?

நியாயமான சந்தேகம், எதிர்பார்ப்பும் அதுவாதான் இருக்கும். ஆனா ஈவன்ட் ஹொரைசன் டீம் ஓட்டின மாடல்கள்ல பக்கவாட்டு மாடல்கள் பொருந்தல, நல்லா பொருந்தினது 30 டிகிரி பக்கத்துல. இதுக்கு முன்னாடியே 2018ல சிலில இருக்கற நாலு பெரிய டெலஸ்கோப்பை சேத்து இயக்கற கிராவிட்டி கருவில, அங்க திடீர் திடீர்னு வர்ற வெளிச்ச வெடிப்பு ஒளி வேகத்துல சுமார் 30 சதவீதத்துல ஒரு சின்ன வட்டம் போடறதைப் பாத்தாங்க. பக்கவாட்டுல பாத்திருந்தா அது முன்னும் பின்னும் ஒரு கோட்டுல போய் வந்திருக்கும், ஆனா தெரிஞ்சது வட்டம், அதுவும் கடிகார திசைல. சம்பந்தமே இல்லாத ரெண்டு முறை, ரெண்டும் ஒரே பக்கம் கை காட்டுது, எனக்கு இதுல பிடிச்சதே அதுதான்.

ஏன் அப்படின்னா, கேலக்ஸியோட தளம் ஆயிரக்கணக்கான ஒளியாண்டு அளவு சமாச்சாரம், பிளாக் ஹோலுக்கு உள்ள விழற வாயு எங்க இருந்து வருதுங்கறது வேற கதை. அங்க பக்கத்துல இருக்கற இளம் நட்சத்திரங்கள் வீசற காத்துதான் முக்கியமான தீனின்னு நினைக்கறாங்க, அந்த நட்சத்திரங்கள்ல ஒரு கூட்டம் சுத்தற தளமே கேலக்ஸி தளத்தோட ஒத்துப் போகல. மத்த சுருள் கேலக்ஸிகள்ல பாத்தாலும் மையத்து ஜெட்டுகள் கேலக்ஸி தளத்துக்கு சம்பந்தம் இல்லாம எல்லா திசைலயும் போகுது.

எக்ஸ்ரே ஸ்பெக்ட்ரம்ல ஒரே ஒரு கோட்டை வச்சு சாய்வு சொல்றாங்களாமே, நம்பற மாதிரி இல்லையே?

நம்பலாம், ஆனா நிபந்தனையோட. டிஸ்க்ல இருக்கற இரும்பு மேல எக்ஸ்ரே பட்டா அது 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்ல (இது ஒளியோட ஆற்றலை அளக்கற அலகு) ஒரு ஒல்லியான கோடு தரும். லேப்ல ஊசி மாதிரி இருக்கற இந்தக் கோடு பிளாக் ஹோல் பக்கத்துல கன்னாபின்னான்னு இழுபடுது. வரைபடத்துல இடப்பக்கம் 4 கிட்ட இருந்தே மெதுவா ஏறிட்டு வரும், உச்சத்துக்குப் போனதும் வலப்பக்கம் செங்குத்தா விழும். இடப்பக்க வால் ஈர்ப்பு ஒளியோட ஆற்றலை உறிஞ்சறதால வர்றது, உள்விளிம்பு பிளாக் ஹோலுக்கு எவ்வளவு கிட்டங்கறதைச் சொல்லும், அதாவது ஸ்பின். வலப்பக்கம் எந்த இடத்துல விழுதுங்கறதுதான் சாய்வு. நேர் மேல இருந்து பாத்தா 6.4 தாண்டி ரொம்ப போகாது, பக்கவாட்டுல போகப் போக நம்மள நோக்கி வர்ற வாயு அந்த ஓரத்தை 7, 8ன்னு தள்ளிட்டே போகும். 1995ல ஜப்பானோட ஆஸ்கா செயற்கைக்கோள் தரவுல எம்சிஜி-6-30-15ங்கற கேலக்ஸில இந்த வடிவத்தை முதல் தடவையா தெளிவா காட்டினாங்க, சாய்வு 30 டிகிரி பக்கத்துல வந்துச்சு.

நிபந்தனை என்னன்னா இரும்பு எவ்வளவு அயனி ஆயிருக்கு, அதாவது எலக்ட்ரான் இழந்திருக்குங்கறதைப் பொறுத்து அந்த 6.4 தானாவே 6.7, 6.97ன்னு நகரும். தூரத்துல இருக்கற வாயுவும் தன் பங்குக்கு ஒரு ஒல்லிக் கோட்டை மேல போட்டுடும், அதைப் பிரிக்கலன்னா கோணம் தப்பா வரும். 2023 செப்டம்பர்ல போன எக்ஸ்ரிசம் எக்ஸ்ரே செயற்கைக்கோள் சுமார் 5 எலக்ட்ரான் வோல்ட் வித்தியாசத்தையே பிரிச்சுக் காட்டும், இந்தக் கலப்படத்தைக் கழிக்க அதுதான் இப்ப கைகொடுக்குது. இன்னொண்ணு, இந்த முறை சொல்றது டிஸ்க்கோட உள்பகுதி சாய்வை மட்டும்தான்.

பைனரில துணை நட்சத்திரம் தெரியுதே, ஆர்பிட் சாய்வை கண்டுபிடிச்சா டிஸ்க் சாய்வும் அதேதானே?

வெளி டிஸ்க்குக்கு ஓரளவு சரி, வாயு அந்த ஆர்பிட் தளத்துலதான் வந்து சேருது. ஆர்பிட் சாய்வு கண்டுபிடிக்கறதும் ஒப்பீட்டளவுல சுலபம், பிளாக் ஹோலோட இழுவையால துணை நட்சத்திரம் நீண்டு போயிருக்கும், சுத்தும்போது ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை பிரைட் ஆகி மங்கும், அந்த ஏத்த இறக்கம் எவ்வளவுங்கறதை வச்சு கோணம் எடுத்துடலாம்.

பிளாக் ஹோல் ஸ்பின்தான் ஒத்துழைக்காது. நட்சத்திரம் வெடிச்சு பிளாக் ஹோல் ஆகும்போது ஒரு பக்கமா உதை வாங்கினா ஆர்பிட்டே சாஞ்சுடும், ஸ்பின் அச்சு பழைய திசையைப் பாத்துட்டு நிக்கும். அப்புறம் துணை நட்சத்திரம் குடுக்கற கொஞ்ச வாயு அந்த ஸ்பின்னைத் திருப்பறதுக்கு ரொம்ப காலம் ஆகும். ஜிஆர்ஓ ஜே1655-40ங்கற பைனரில 1990கள்லயே இது தெரிஞ்சது, ஆர்பிட் 70 டிகிரி, ஜெட் 85 டிகிரி.

அப்ப வாயு ஒரு தளத்துல வருது, பிளாக் ஹோல் வேற அச்சுல சுத்துது, டிஸ்க் யார் பேச்சைக் கேக்கும்?

உள்ள ஒருத்தர், வெளிய ஒருத்தர். சுத்தற நிறை தன்னைச் சுத்தி இருக்கற வெளியையே கூட இழுத்துட்டு சுத்தும்னு 1918ல லென்ஸும் திர்ரிங்கும் ஐன்ஸ்டீன் சமன்பாட்டுல இருந்து காட்டினாங்க. பூமியே இதைப் பண்ணுது, கிராவிட்டி புரோப் பி செயற்கைக்கோள் 2011ல வெளியிட்ட முடிவுல வருஷத்துக்கு சுமார் 37 மில்லி ஆர்க்செகண்ட் வந்துச்சு, அவ்வளவு சின்னது. பிளாக் ஹோல் பக்கத்துல இது பிரம்மாண்டம், சாஞ்ச ஆர்பிட்ல இருக்கற வாயுவோட தளம் பம்பரம் தலை சுத்தற மாதிரி ஸ்பின் அச்சைச் சுத்தி வரும். கிட்ட போனா வேகம், தள்ளிப் போனா தூரத்தோட கனத்துக்கு ஏத்த மாதிரி சரசரன்னு குறைஞ்சுடும்.

டிஸ்க் ஒல்லியா இருந்தா உள்வளையங்கள் ஒண்ணோட ஒண்ணு உரசி உரசி கடைசில ஸ்பின்னோட தளத்துக்கே படிஞ்சுடும், வெளிய இருக்கறது பழைய சாய்வுலயே இருக்கும், நடுவுல டிஸ்க் முறுக்கிட்டு நிக்கும். 1975ல பார்டீனும் பெட்டர்சனும் சொன்னது இது. சாய்வு ரொம்ப அதிகமா இருந்தா டிஸ்க் கிழிஞ்சு தனித்தனி வளையமாவே ஆயிடும்னு சிமுலேஷன்ல வருது. எம்87, சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் ரெண்டுலயும் இருக்கற சூடான தடியான டிஸ்க் வேற ரகம், அது படியாது, மொத்தமா ஒரே உடம்பா தள்ளாடலாம்.

முறுக்கின டிஸ்க்கை நேர்ல பாத்த இடம் என்ஜிசி 4258ங்கற கேலக்ஸி. அங்க டிஸ்க்ல இருக்கற நீராவி இயற்கையா மேசர் (ரேடியோ அலைல லேசர் மாதிரி) ஆகி 22 கிகாஹெர்ட்ஸ்ல ரேடியோ அலை விடுது, ஒவ்வொரு புள்ளியோட இடமும் வேகமும் தனித்தனியா தெரியும், அதையெல்லாம் வச்சுப் பாத்தா சுமார் 82 டிகிரி சாய்வுல லேசா வளைஞ்ச ஒரு தளம். ஆனா அது பிளாக் ஹோல்ல இருந்து அரை ஒளியாண்டு தூரத்துல இருக்கு, அந்த வளைவுக்கு ஸ்பின்தான் காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது.

போலரைசேஷன் போலரைசேஷன்னு சொல்றாங்களே, அதுல என்ன புதுசா கிடைக்குது?

பொசிஷன் ஆங்கிள் கிடைக்குது, அதான் விஷயம். இரும்புக் கோடு வானத்துல எந்தப் பக்கம்னு சொல்லவே சொல்லாது. எலக்ட்ரான்ல பட்டு சிதறி வர்ற ஒளி ஒரு திசைல அதிகமா அதிரும், பக்கவாட்டுல பாத்தா அதிகபட்சம் 11.7 சதவீதம், நேர் மேல இருந்து பாத்தா பூஜ்யம். இந்தக் கணக்கு நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர் போட்டது, பிளாக் ஹோலுக்காக இல்ல, நட்சத்திர மேற்பரப்புக்காக, இன்னைக்கும் டிஸ்க் மாடல்கள் அதுல இருந்துதான் ஆரம்பிக்குது.

2021 டிசம்பர்ல போன ஐஎக்ஸ்பிஈ செயற்கைக்கோள் சிக்னஸ் எக்ஸ்-1ஐ பாத்தப்ப 4 சதவீதம் வந்துச்சு, திசை ரேடியோ ஜெட்டோட அப்படியே ஒத்துப்போச்சு. எக்ஸ்ரே விடற சூடான கொரோனா ஜெட் வழியா நீண்டு இல்ல, டிஸ்க் தளத்துல பரவி இருக்குன்னு இதுல இருந்து தெரிஞ்சது. சிக்கல் என்னன்னா ஆர்பிட் சாய்வு 27.5 டிகிரி, அந்தக் கோணத்துக்கு 4 சதவீதம் ரொம்ப ஜாஸ்தி, உள் டிஸ்க் 45க்கு மேல சாஞ்சிருக்கணும்னு ஒரு விளக்கம். கொரோனா வாயு வேகமா வெளிய பாய்ஞ்சா சாய்வைக் கூட்டாமலே போலரைசேஷன் கூடும்னு இன்னொரு விளக்கம். இன்னும் முடியாத வழக்கு இது. 2024 ஜனவரி 1ல இஸ்ரோ அனுப்பின எக்ஸ்போசாட் இதை விட அதிக ஆற்றல்ல, 8ல இருந்து 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரைக்கும், இதே மாதிரி அளக்கறதுக்குத்தான்.

ஜெட் சாய்வும் ஆர்பிட் சாய்வும் ஒரே நம்பர் வந்துட்டா ரெண்டும் நேரா இருக்குன்னு சொல்லிடலாம்ல?

சொல்ல முடியாது, அதுக்கு அருமையான உதாரணம் மேக்ஸி ஜே1820+070. 2018ல வெடிச்ச, அதாவது டிஸ்க் திடீர்னு பல மடங்கு பிரைட்டான பைனரி. ஜெட் சாய்வு 63 டிகிரி, ஆர்பிட் 66ல இருந்து 81க்குள்ள, பாத்தா கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா வெடிப்பு அடங்கினப்புறம் நார்டிக் ஆப்டிகல் டெலஸ்கோப்ல போலரைசேஷன் எடுத்து, நடுவழில தூசியால வந்ததைக் கழிச்சு, ஆர்பிட்டோட பொசிஷன் ஆங்கிளைப் பாத்தா ஜெட்டோடது வேற எங்கயோ இருக்கு. ரெண்டு அச்சும் நம்ம பார்வைக்கோட்டோட ஒரே அளவு கோணம் பண்ணுது, ஆனா வேற வேற திசைல சாஞ்சு. முப்பரிமாணத்துல வித்தியாசம் குறைஞ்சது 40 டிகிரி. முதல் கேள்வில ஒரு நம்பர் பத்தாதுன்னு சொன்னேன்ல, அது இதுக்குத்தான்.

பம்பரம் மாதிரி ஆடுதுன்னு சொன்னீங்க, ஆடறதை யாராவது பாத்திருக்காங்களா?

டிஸ்க்கை இல்ல, அது கூட சேந்து ஆடற ஜெட்டை பாத்திருக்காங்க. 2015 ஜூன்ல வி404 சிக்னிங்கற பைனரி வெடிச்சப்ப ஜெட் திசை மணிக்கணக்குல இல்ல, நிமிஷக்கணக்குல மாறுச்சு. ரேடியோ படம் எடுக்க பொதுவா மணிக்கணக்குல ஒளியை சேப்பாங்க, இங்க அப்படி சேத்தா எல்லாம் கலங்கிப் போச்சு, கடைசில சுமார் 70 செகண்டுக்கு ஒண்ணா 103 படம் போட்டு வரிசையா ஓட்டித்தான் ஜெட் திரும்பறதையே பாத்தாங்க. அங்க மொத்த டிஸ்க் சுமார் 1 கோடி கிலோமீட்டர் அகலம், ஆனா வெடிப்புல பொங்கி தடிச்சு ஆடினது உள்ள இருக்கற சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டும்தான்னு விளக்கம்.

எம்87ல 2000ல இருந்து 2022 வரைக்கும் எடுத்த ரேடியோ படங்களை அடுக்கிப் பாத்தா ஜெட் சுமார் 11 வருஷத்துக்கு ஒரு சுத்து, 1.25 டிகிரி கூம்புல. எச்1743-322ங்கற பைனரில எக்ஸ்ரே நாலு செகண்டுக்கு ஒருக்கா துடிக்கும், அந்தத் துடிப்போட இரும்புக் கோடும் முன்னும் பின்னும் நகருதுன்னு 2016ல காட்டினாங்க. ஆடற உள்பகுதி டிஸ்க்கோட வேற வேற பக்கத்து மேல வரிசையா எக்ஸ்ரேயைப் பாய்ச்சினாத்தான் அப்படி நகரும். எனக்கு வலுவா படற ஆதாரம் இதுதான், ஏன்னா வெறும் துடிப்புக்கு நூறு காரணம் சொல்லலாம், கோடு கூடவே நகரறதுக்கு அவ்வளவு காரணம் கிடையாது.

எஸ்எஸ் 433ங்கற பைனரி கூட ஆடுதே, அதுவும் இதுதானா?

அநேகமா இல்ல. அங்க ஜெட் 162 நாளுக்கு ஒரு சுத்து சுத்தறது நிஜம், ஆனா அதை துணை நட்சத்திரத்தோட இழுவையாலயே விளக்கிடலாம்னு பல பேர் சொல்றாங்க. ஆடறதெல்லாம் லென்ஸ்-திர்ரிங் கிடையாது.

சாய்வு தப்பா போனா என்ன இப்ப? ஸ்பின்தானே முக்கியம்?

ஸ்பின் நம்பரே சாய்வு மேலதான் உக்காந்திருக்கு. சுத்தாத பிளாக் ஹோல்ல டிஸ்க் உள்விளிம்பு 6 அலகு தூரத்துல நிக்கும், முழு வேகத்துல சுத்தினா 1 வரைக்கும் உள்ள வரும், டிஸ்க் எதிர்த்திசைல சுத்தினா 9க்கு தள்ளிப் போயிடும். இங்க அலகுங்கறது பிளாக் ஹோல் எடையை வச்சு வர்ற ஒரு நீளம், சூரியன் எடைக்கு சுமார் ஒன்றரை கிலோமீட்டர். டிஸ்க்கோட வெப்ப ஒளியை அளந்து அந்த உள்விளிம்பை கண்டுபிடிக்கற முறைக்கு எடை, தூரம், சாய்வு மூணையும் முன்கூட்டியே குடுக்கணும். பல ஆய்வுகள்ல ஆர்பிட் சாய்வையே உள் டிஸ்க் சாய்வுன்னு வச்சுட்டாங்க, சிக்னஸ் எக்ஸ்-1க்கு கிட்டத்தட்ட உச்ச ஸ்பின்னு வந்ததும் அப்படித்தான். உள் டிஸ்க் சாய்வு 27.5 இல்லாம 45ன்னா கணக்கை மறுபடி போடணும். அதனால எங்கயாவது 0.99 மாதிரி ஒரு ஸ்பின்னைப் பாத்தா, எந்த சாய்வை எங்க இருந்து எடுத்தாங்கன்னு முதல்ல தேடிப் பாருங்க.

டிஸ்க் எதிர்த்திசைல சுத்தினா எம்87 படத்துல பளிச் பக்கம் மாறிடும்ல, அப்ப அதை வச்சே கண்டுபிடிச்சிடலாமே?

மாறாது, இதுதான் இருக்கறதுலயே குசும்பான சமாச்சாரம். அந்த ஒளில பெரும்பகுதி ஹொரைசனுக்கு (ஒளிகூட தப்பிக்க முடியாத எல்லைக்கு) மிக அருகுல இருந்து வருது, அங்க பிளாக் ஹோல் எந்தப் பக்கம் சுத்துதோ அந்தப் பக்கம்தான் எல்லாம் போயாகணும், வெளிய டிஸ்க் எதிர்த்திசைல வந்தாலும் சரி. சிமுலேஷன்கள்ல பளிச் பக்கத்தை முடிவு பண்றது ஸ்பின் திசைதான், வெளி டிஸ்க் திசை இல்ல. அதனால மேல கடிகார திசைன்னு சொன்னது பிளாக் ஹோலோட ஸ்பின்னுக்கு, தூரத்து டிஸ்க் எந்தப் பக்கம் சுத்துதுன்னு அந்தப் படம் சொல்லல.

எம்87ஐ 2018ல எடுத்த படத்துல அந்த பளிச் இடம் 30 டிகிரி தள்ளிப் போயிருக்கே, ஒரே வருஷத்துல டிஸ்க் திரும்பிடுச்சா?

திரும்பல. 11 வருஷத்துல 1.25 டிகிரி கூம்புல ஆடறது ஒரு வருஷத்துல 30 டிகிரி தள்ள முடியாது. உள்ள வாயு கொந்தளிச்சுட்டே இருக்கும், அப்பப்ப ஒரு பகுதி அதிகமா ஒளிரும், அதுல பளிச் இடம் சராசரியைச் சுத்தி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகும். ரெண்டு வருஷத்துலயும் வளையத்தோட அளவு மாறல, ஏன்னா அது எடையையும் தூரத்தையும் பொறுத்தது. ஒரு படத்துல இருக்கற பளிச் இடத்தை மட்டும் வச்சு அச்சு இந்த டிகிரில இருக்குன்னு எழுதினா நம்பாதீங்க, பல வருஷப் படங்களோட சராசரி வேணும்.